குற்றம் (சொல்)

குற்றம் என்பது குறை, பிழை, மாசு, சட்டத்தை மீறிய செயல் ஆகிய பொருள்களில் வழங்கும் தமிழ்ச் சொல். இன்றைய செய்தித்தாள், காவல்துறை, நீதிமன்ற வழக்கில் இச்சொல் சட்டம் தண்டிக்கத்தக்கது என அறிவித்துள்ள செயலையே முதன்மையாகக் குறிக்கிறது. பழைய நூல்களில் இதன் பரப்பு மிகப் பெரிது. செய்யுளில் உள்ள சொற்பிழை, வயிரத்தில் உள்ள கீற்று, அரசனின் அடங்காத சினம், பூசையில் விடுபட்ட சடங்கு என எல்லாமே குற்றம் எனப்பட்டன. இவற்றை இணைப்பது 'குறைதல்' என்னும் அடிப்படைக் கருத்தாகும். முழுமையாக இருக்க வேண்டிய ஒன்று முழுமை குன்றி நிற்பதே குற்றம். பொருளிலோ செயலிலோ உள்ள குறையைச் சுட்டிய இச்சொல் பின்னர் ஆளையும், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் முழுச் சமூகங்களையும் சுட்டும் அடையாளமாக மாறியது. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இந்த மாற்றத்துக்கு முக்கியமான இடம் உண்டு.

சொற்பிறப்பு

குற்றம் என்னும் சொல் 'குறு' என்னும் அடியிலிருந்து பிறந்ததாகப் பொதுவாக விளக்கப்படுகிறது. குறு என்பதற்குச் சிறிய, நீளம் குறைந்த, அளவில் குன்றிய என்பன பொருள். குறுமை, குறுகுதல், குறை, குறைவு, குறள் ஆகிய சொற்கள் இந்த அடியைச் சேர்ந்தவை. இரண்டு அடிகளில் அமையும் குறுகிய வெண்பாவுக்குக் குறள் என்று பெயர் வந்ததும் இதனாலேயே. திருக்குறள் என்னும் நூற்பெயரும், அந்நூலின் ஓர் அதிகாரத் தலைப்பில் உள்ள குற்றம் என்னும் சொல்லும் ஒரே வேரின் கிளைகள்.

ஏறு, மாறு, நாறு என்னும் சொற்களிலிருந்து ஏற்றம், மாற்றம், நாற்றம் ஆகிய பெயர்கள் பிறக்கும்போது றகரம் இரட்டித்து 'அம்' விகுதி சேர்கிறது. குறு என்பது குற்றம் ஆனதும் இதே முறையில்தான்.

குறு என்னும் அடி 'குற்று' என இரட்டித்து வரும் வேறு சில சொற்களும் இப்பொருளைத் தெளிவாக்குகின்றன.

- குற்றெழுத்து: குறுகிய ஓசையுடைய எழுத்து, குறில்.
- குற்றியலுகரம்: தனக்குரிய ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிக்கும் உகரம்.
- குற்றேவல்: சிறு பணிவிடை.
- குற்றுயிர்: முழுதும் போகாமல் குறைந்து எஞ்சியிருக்கும் உயிர்.

இச்சொற்கள் எதிலும் ஒழுக்கக்கேடு என்ற பொருள் இல்லை. அளவு குறைவு என்பது மட்டுமே உண்டு. குற்றியலுகரத்தில் உகரம் செய்த தவறு எதுவும் இல்லை. அதன் ஓசை குறைந்திருக்கிறது, அவ்வளவே. குற்றம் என்ற சொல்லின் தொடக்கப் பொருளும் இதற்கு அருகிலேயே உள்ளது.

பேச்சு வடிவம்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் குற்றம் என்பது 'குத்தம்' ஆகிறது. காற்று காத்து என்றும், நேற்று நேத்து என்றும், ஆற்றில் ஆத்துல என்றும் ஆவது போன்ற இயல்பான ஒலிமாற்றம் இது. இந்த வடிவத்தைக் கொண்டு, கத்தியால் குத்துதல் என்னும் வினையோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவது பொருந்தாது. குத்தகை என்ற சொல்லோடும் இதற்குத் தொடர்பில்லை.

தமிழ்நாட்டில் படிக்கும்போது 'ற்ற' என்பதை 'ட்ர' என்பதற்கு நெருக்கமாக ஒலிப்பது பரவலாக உள்ளது. யாழ்ப்பாணத் தமிழும் மலையாளமும் நுனிநா அண்பல்லைத் தொடும் பழைய ஒலிப்பைக் காத்து வருகின்றன.

பிற திராவிட மொழிகளில்

மலையாளத்தில் குற்றம் என்ற அதே சொல் குறை, பழி, சட்ட மீறல் ஆகிய மூன்று பொருள்களிலும் வழங்குகிறது. குற்றவாளி, குற்றக்காரன், குற்றபத்ரம், குற்றபோதம் ஆகிய சொற்கள் இன்றைய மலையாளத்தில் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளன. குறைவைக் குறிக்கும் 'குறவு' என்னும் சொல்லும் அங்குண்டு. தெலுங்கில் பற்றாக்குறையைக் குறிக்கும் 'கொரத', கன்னடத்தில் அதே பொருளில் வரும் 'கொரதெ' ஆகியவை குறை என்னும் தமிழ்ச் சொல்லின் உறவுச் சொற்கள். ஆனால் அவ்விரு மொழிகளிலும் சட்டப்படியான குற்றத்தைக் குறிக்க நேரம், அபராதம் முதலிய வேறு சொற்களே பெருவழக்காக உள்ளன. குறைவைச் சுட்டும் வேரிலிருந்து சட்ட மீறலுக்கான சொல்லை வளர்த்துக்கொண்டவை தமிழும் மலையாளமும் ஆகும்.

நூலிலும் பொருளிலும் குற்றம்

தமிழ் மரபில் மிகவும் புகழ்பெற்ற குற்றம் கொலையோ களவோ அன்று. அது ஒரு செய்யுளில் கண்ட குற்றம். மதுரைச் சங்கத்தில் இறைவன் பாடிக் கொடுத்த செய்யுளில் பொருட்குற்றம் உண்டு என நக்கீரர் வாதிட்டதாகவும், இறைவன் நெற்றிக்கண்ணைக் காட்டிய பின்னும் தம் கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்ததாகவும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பதே அங்கு வழக்கு. அச்செய்யுள் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக, இறையனார் பெயரில் இன்றும் உள்ளது. 1965இல் வெளிவந்த திருவிளையாடல் திரைப்படம் இக்காட்சியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. ஆள் எவ்வளவு பெரியவராயினும் குற்றம் குற்றமே என்று சொல்லும் வழக்கம் இக்கதையை ஒட்டியதே. இங்குக் குற்றம் என்பது பாடலின் மீது வைக்கப்படுகிறதே தவிர, பாடியவர் மீது அன்று என்பது கவனிக்கத்தக்கது.

இலக்கண நூல்கள் இப்பொருளை வரையறுத்துள்ளன. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்கிறது. சொன்னதையே மீண்டும் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, பொருள் மயங்குமாறு சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது முதலியவை அவற்றுள் அடங்கும். தேவைக்குக் குறைவாகச் சொல்வது மட்டுமல்லாமல், தேவைக்கு மேல் சொல்வதும் குற்றமாகவே கொள்ளப்படுகிறது. அதாவது, நன்னூலின் காலத்துக்குள் குற்றம் என்ற சொல் வெறும் அளவுக் குறைவைத் தாண்டி, இருக்க வேண்டிய நிலையிலிருந்து எப்பக்கம் விலகினாலும் அதைச் சுட்டும் சொல்லாக விரிந்துவிட்டது. நூலுக்குப் பத்துக் குற்றம் என்னும் கருத்து தொல்காப்பிய மரபியலிலும் உண்டு.

மணிகளின் தரம் பார்ப்பதிலும் இச்சொல் பயன்பட்டது. மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்கும் சிலப்பதிகாரப் பகுதி, நல்ல வயிரத்தில் இருக்கக்கூடாதவை எனக் களங்கம், ஏகை, விந்து, காகபாதம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவற்றை வயிரக் குற்றங்கள் என்பர். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் 'முக்குற்றம்' எனப்படுகின்றன. இவை தம் அளவில் நிற்கும்போது உடலைக் காப்பவை. அளவு பிறழும்போது நோய் தருபவை. வடமொழி மருத்துவ நூல்களின் தோஷம் என்ற சொல்லுக்கு நேராக இங்குக் குற்றம் நிற்கிறது.

அறநூல்களில்

திருக்குறளின் 44ஆம் அதிகாரம் 'குற்றங்கடிதல்'. இது பொருட்பாலில், அரசனுக்குரிய பண்புகளைச் சொல்லும் பகுதியில் அமைந்துள்ளது. குற்றத்தைப் பற்றிய அதிகாரம் என்றதும் குடிமக்கள் செய்யும் குற்றங்களையும் அவற்றுக்கான தண்டனைகளையும் இன்றைய வாசகர் எதிர்பார்க்கக்கூடும். ஆனால் அதிகாரம் முழுவதும் அரசனின் சொந்தக் குற்றங்களைப் பற்றியது. காமம், வெகுளி, கடும்பற்றுள்ளம், மானம், உவகை, மதம் என்னும் ஆறு குற்றங்களை அரசன் தன்னிடம் நிகழாமல் விலக்குவதே இதன் பொருள் என்று பரிமேலழகர் விளக்குகிறார். இவற்றுள் மானமும் உவகையும் பொதுவாக நல்ல பண்புகளே. அளவு கடந்து, இடமறியாமல் வரும்போது அவை குற்றமாகின்றன.

தன் குற்றத்தை முதலில் நீக்கிக்கொண்டு, அதன்பின் பிறர் குற்றத்தைக் காண்கிற அரசனுக்கு எந்தக் கேடும் வராது என்பது இவ்வதிகாரத்தின் ஒரு கருத்து. பிறர் குற்றத்தைப் பார்ப்பது போலத் தம் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் துன்பமே இல்லை என்ற கருத்து புறங்கூறாமை அதிகாரத்தில் வருகிறது. சட்டப் பொருளுக்கு நெருங்கிய ஆட்சி செங்கோன்மை அதிகாரத்தில் உள்ளது. குடிகளைக் காத்து, அவர்களிடையே தோன்றும் குற்றத்தைத் தண்டித்து விலக்குவது அரசனுக்குப் பழி ஆகாது, அது அவன் தொழில் என்று அங்குக் கூறப்படுகிறது. ஆகவே, ஒழுக்கக் குறை, தண்டனைக்குரிய செயல் ஆகிய இரு பொருள்களும் திருக்குறளிலேயே அருகருகே இருக்கின்றன.

குற்றத்தோடு சேர்ந்து வரும் வினைகளும் கவனிக்கத்தக்கவை. அறநூல்களிலும் உரைகளிலும் குற்றம் பெரும்பாலும் கடியப்படுகிறது, களையப்படுகிறது, நீக்கப்படுகிறது. வயலில் களை எடுப்பது போல அகற்றக்கூடிய ஒன்றாகவே அது கருதப்பட்டது. இன்றைய வழக்கில் குற்றம் புரியப்படுகிறது, இழைக்கப்படுகிறது, சாட்டப்படுகிறது, மெய்ப்பிக்கப்படுகிறது.

சாட்டப்படும் குற்றத்துக்கும் உண்மையான குற்றத்துக்கும் உள்ள இடைவெளியே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் விசாரணையின்றிக் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தது வெளிப்பட்டதும், கள்வன் என்ற பெயர் தனக்கே உரியது என்று உணர்ந்து அரசன் உயிர் விடுகிறான்.

சமயத்திலும் ஊர் வழக்கிலும்

காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றையும் 'முக்குற்றம்' என்று சமய, அற நூல்கள் கூறும். இவை செயல்கள் அல்ல. செயலுக்கு முன் மனத்தில் தோன்றுபவை. செய்துவிட்ட தீய செயலைக் குறிக்கப் பெரும்பாலும் தீவினை என்ற சொல்லே வருகிறது. மணிமேகலை தீவினைகளை உடலால் செய்பவை மூன்று, சொல்லால் செய்பவை நான்கு, மனத்தால் செய்பவை மூன்று எனப் பத்தாகப் பகுக்கிறது.

ஊர் வழக்கில் 'சாமி குத்தம்', 'தெய்வக் குத்தம்' என்ற சொற்கள் உண்டு. கொடை நடத்தாமல் விடுவது, நேர்ந்துகொண்டதைச் செலுத்தாதது, பூசையில் முறை தவறுவது ஆகியவற்றால் தெய்வம் சினங்கொள்ளும் என்ற நம்பிக்கையைச் சார்ந்தவை இச்சொற்கள். மழை பெய்யாததற்கும், ஊரில் நோய் பரவுவதற்கும் இதைக் காரணமாகச் சொல்வர். செலுத்த வேண்டியதில் குறை வைத்ததே இங்குக் குற்றம். விடுபட்டதைச் செய்து முடித்தால் குற்றம் நீங்கிவிடும். சொல்லின் பழைய பொருள் சற்றும் மாறாமல் வாழும் இடங்களில் இது ஒன்று.

திருமண வீட்டில் விருந்தினரை வழியனுப்பும்போது, "ஏதாவது குத்தம் குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். குற்றமும் குறையும் ஒரே பொருளில் இணைந்து நிற்கும் தொடர் இது. உறவினரிடம் குற்றம் தேடிக்கொண்டிருந்தால் உறவே மிஞ்சாது என்ற கொன்றைவேந்தனின் அறிவுரையும் இந்த எளிய குறைகளைப் பற்றியதே. 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்ற பழமொழியில் சொல் ஒழுக்கப் பொருளுக்கு நகர்ந்துவிடுகிறது.

ஒத்த சொற்களும் வேறுபாடும்

நிகண்டுகள் குற்றத்துக்குப் பல பெயர்களைத் தொகுத்துத் தருகின்றன. இவற்றையும் இன்றைய வழக்குச் சொற்களையும் அவற்றின் அடிப்படைக் கருத்தைக் கொண்டு மூன்று வகைகளாகப் பார்க்கலாம்.

முதல் வகை, குறைவையும் கறையையும் குறிப்பவை. குற்றம், குறை, மறு, மாசு, வடு, கறை, களங்கம் ஆகியவை இதில் அடங்கும். மறு என்பது நிலவில் தெரியும் கருமை போன்ற புள்ளி. மாசு என்பது தூசும் அழுக்கும். வடு என்பது காயம் ஆறிய தழும்பு. மாசைத் துடைக்கலாம், வடுவைத் துடைக்க முடியாது.

இரண்டாம் வகை, வழி விலகுதலையும் சறுக்குதலையும் குறிப்பவை. தவறு, தப்பு, பிழை, வழு, இழுக்கு ஆகியவை இவை. வழு என்பது வழுக்குதல், வழுவுதல் ஆகியவற்றோடும், இழுக்கு என்பது சேற்று நிலத்தில் கால் சறுக்குவதோடும் தொடர்புடையவை. இவ்வகையில் சில சொற்களுக்கு வியப்பான மறுபக்கம் உண்டு. தப்பு என்பது தவறையும் குறிக்கும், ஆபத்திலிருந்து மீள்வதையும் குறிக்கும். பிழை என்பது தவறையும் குறிக்கும், உயிரோடு எஞ்சுவதையும் குறிக்கும். குறியிலிருந்து விலகிப்போவது என்னும் ஒரே கருத்து இரண்டுக்கும் அடிப்படை. எய்தவனுக்குக் குறி தப்பினால் அது தவறு. அம்புக்குத் தப்பியவனுக்கு அதுவே பிழைப்பு. கிரேக்க மொழியில் பாவத்தைக் குறிக்கும் ஹமார்தியா என்ற சொல்லும் குறி தவறுதல் என்னும் பொருளிலிருந்து வந்ததே.

மூன்றாம் வகை, பிறருக்கு நேரும் கேட்டைக் குறிப்பவை. தீமை, தீங்கு, கேடு, கொடுமை ஆகியவை இவை. பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்கு ஈடு கோரும் உரிமையியல் பிரிவுக்குத் தமிழ்ச் சட்ட நூல்களில் 'தீங்கியல்' என்று பெயர்.

வடமொழியிலிருந்து வந்த சொற்கள் தமிழில் பொருள் மாறியுள்ளன. பாவம் என்பது மறுமையில் விளைவு தரும் தீய செயலைக் குறிப்பதோடு, "ஐயோ பாவம்" என்று இரக்கத்தையும் குறிக்கிறது. அபராதம் என்பது குற்றத்தைக் குறித்த சொல். தமிழில் அது குற்றத்துக்காகக் கட்டும் பணமாகிவிட்டது. தோஷம் என்பது பெரும்பாலும் சோதிடச் சொல்லாகச் சுருங்கியுள்ளது.

சட்டச் சொல்லாகக் குற்றம்

சோழர் காலத்து ஊராட்சியில் தவறிழைத்தவர்களை விலக்கி வைத்த முறைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினராகத் தகுதியற்றவர்கள் யார் எனக் கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்கள், பெரும்பாதகங்கள் செய்தவர்கள், பிறர் பொருளைக் கவர்ந்தவர்கள் முதலியோர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரின் நெருங்கிய உறவினரும் சேர்த்து விலக்கப்பட்டனர். ஒருவர் செய்த தவறு உறவினரையும் தொடும் என்ற எண்ணம் பழமையானதே. எனினும் அங்கு இழப்பு ஊர்ப் பொறுப்பை வகிக்கும் தகுதி மட்டுமே.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1860இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றத்துக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது. சட்டம் எதைத் தண்டிக்கத்தக்கது என்று சொல்கிறதோ அதுவே குற்றம். சட்டம் சொல்லாத எதுவும், எவ்வளவு இழிவானதாயினும், இப்பொருளில் குற்றம் அன்று. இச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அடிப்படை வரையறை மாறவில்லை.

இந்த வரையறையின்படி குற்றம் காலத்தோடு மாறக்கூடியது. மணமான பெண்ணோடு அவள் கணவனின் இசைவின்றி உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. அச்செயலை ஒழுக்கக்கேடு என்று கருதுவோர் இன்றும் உண்டு; ஆனால் அது இன்று தண்டனைக்குரிய குற்றம் அன்று. அதேபோல, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எச்செயலும் சட்டப்படி குற்றம் ஆகாது. செய்த செயல் ஒன்றேயாயினும், செய்தவரின் அறிவும் மனநிலையும் சேர்ந்தே அதைக் குற்றமாக்குகின்றன.

சட்டத் தமிழில் ஆளைக் குறிக்கும் சொற்கள் படிநிலை உடையவை. காவல்துறை பிடித்தவர் முதலில் சந்தேக நபர். வழக்குத் தொடரப்பட்டதும் அவர் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்'. நீதிமன்ற வழக்கில் 'எதிரி' என்றும் குறிப்பிடுவர். வழக்கின் எதிர்த்தரப்பு என்பதே அங்கு அச்சொல்லுக்குப் பொருள். தீர்ப்பில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே ஒருவர் 'குற்றவாளி' ஆகிறார். இந்தியாவில் 'குற்றப்பத்திரிகை' என்பது காவல்துறை நீதிமன்றத்தில் அளிக்கும் ஆவணத்தின் வழக்குப் பெயர். இலங்கையில் உயர் நீதிமன்ற வழக்குகளில் 'குற்றப்பகர்வுப் பத்திரம்' என்ற சொல் வழங்குகிறது. இரண்டுமே சாட்டப்பட்ட குற்றத்தைச் சொல்பவை. மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்தைச் சொல்பவை அல்ல. கைதான அன்றே ஒருவரைக் 'குற்றவாளி' என்று எழுதும் செய்தி, நீதிமன்றம் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

குற்றவாளி என்ற சொல்லில் உள்ள 'ஆளி' என்பது உடையவர், கொண்டவர் என்னும் பொருள் தரும். நோயாளி, தொழிலாளி, பங்காளி ஆகியவற்றில் வருவதும் இதுவே. நோய் நீங்கினால் நோயாளி என்ற பெயர் போய்விடுகிறது. தண்டனை முடிந்து வெளியே வந்தவரை ஊர் அவ்வளவு எளிதில் வேறு பெயரால் அழைப்பதில்லை.

குற்றப் பரம்பரை

செயலைக் குறித்த சொல் பிறப்பின் மீது வைக்கப்பட்டதன் கடுமையான எடுத்துக்காட்டு, தமிழில் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்று வழங்கும் சட்டம். பிரிட்டிஷ் இந்திய அரசு 1871இல் இதை முதலில் வடஇந்தியப் பகுதிகளுக்காக இயற்றியது. 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1924இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. ஓர் இனக்குழு முழுவதையும் குற்றத்தைத் தொழிலாகக் கொண்டது என அரசு அறிவிக்க இச்சட்டம் இடமளித்தது. அறிவிக்கப்பட்ட குழுவில் பிறந்தவர் தனிப்பட்ட முறையில் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

அறிவிக்கப்பட்டோர் தம் பெயரையும் கைரேகையையும் பதிய வேண்டியிருந்தது. ஊரை விட்டு வெளியே செல்லவும், வெளியூரில் தங்கவும் கட்டுப்பாடுகள் இருந்தன. இரவில் வீட்டில் உறங்காமல் காவலரின் கண்காணிப்பில் தங்க வேண்டிய நிலை பலருக்கு இருந்தது. சில குழுக்கள் தனிக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டன. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஸ்டூவர்ட்புரம் அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று. மதுரை வட்டாரத்தில் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

உசிலம்பட்டிக்கு அருகே உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் பாதிக்கப்பட்ட மக்களுக்காக வாதாடினார். அவரை அப்பகுதி மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். பின்னாளில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் முதலிய தலைவர்கள் இச்சட்டத்தை நீக்கப் போராடினர்.

சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று முடிவுக்கு வந்தது. அந்நாளை இச்சமூகங்கள் விடுதலை நாளாக நினைவுகூர்கின்றன. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களுக்குத் தமிழ்நாட்டில் 'சீர்மரபினர்' என்ற பெயர் வழங்கப்படுகிறது. குற்றம், பரம்பரை என்ற இரு சொற்களுக்கு மாற்றாகச் சீர், மரபு என்ற இரு சொற்கள் வைக்கப்பட்டதை இப்பெயரில் காணலாம். எழுத்தாளர் வேல ராமமூர்த்தியின் 'குற்றப் பரம்பரை' என்னும் நாவல் இந்த வரலாற்றைக் களமாகக் கொண்டது.

குற்றம் என்ற சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தாலே 'குற்றப் பரம்பரை' என்பது முரணான தொடர் எனத் தெரியும். அறநூல்கள் பேசும் குற்றம் களையக்கூடியது. தண்டனைச் சட்டம் பேசும் குற்றம் ஒரு செயல். அதைச் செய்தவர் யார் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். பிறப்போடு வருவது இவ்விரண்டில் எதற்குள்ளும் அடங்காது.

இன்றைய வழக்கு

குற்றத்தை ஆளிலிருந்து பிரித்துச் சொல்லும் போக்கு அண்மைக்காலச் சட்டச் சொற்களில் தெரிகிறது. முன்பு 'இளங்குற்றவாளி' எனப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்டோரை, 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி குறிப்பிடுகின்றனர். அவர்களின் பெயரையும் அடையாளத்தையும் செய்திகளில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சிறையில் இருப்பவரைக் 'கைதி' என்பதற்குப் பதிலாகச் 'சிறைவாசி' என்று தமிழ்நாட்டில் குறிப்பிடுவதும் பரவி வருகிறது.

இச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு இன்று பரவலாக வழங்கும் சில சொற்கள்:

- குற்றவியல்: குற்றம் பற்றிய சட்டத்துறை, குற்றங்களின் காரணங்களை ஆராயும் கல்வித்துறையையும் குறிக்கும்.
- குற்றச்சாட்டு: ஒருவர் மீது வைக்கப்படும், இன்னும் மெய்ப்பிக்கப்படாத குற்றம்.
- குற்றப் புலனாய்வு: நடந்த குற்றத்தைப் பற்றிய காவல்துறை விசாரணை.
- குற்ற உணர்வு: தான் தவறு செய்துவிட்டதாக மனம் வருந்துதல்.
- குற்றங்குறை: சிறு பிழைகளின் தொகுதி.
- குற்றங்காணல்: பிறரிடம் குறை தேடுதல்.
- குற்றமற்றவர்: சட்ட வழக்கில், குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் விடுவிக்கப்பட்டவர், பொது வழக்கில், மாசற்றவர்.